உரப்பையில் ஏறிய வயது: முள்ளியவளைக் கத்தி ஒன்றின் ஆய்வு

2023 ஆவணியில் ஒரு மத்தியானம் வவுனியாவில் என் வீட்டு விறாந்தைக்கு ஒரு கத்தி வந்தது. கொண்டுவந்தவர் முள்ளியவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பின்னால் அவருடைய அம்மா, எழுபத்தெட்டு வயது, குடையை மடக்கிக்கொண்டு வந்தார். கத்தியைப் பழைய சாரமொன்றில் சுற்றி, மேலே பொலித்தீன் பை போட்டு, றப்பர் பட்டி மாட்டியிருந்தார்கள். அவிழ்க்க முதலே தம்பி சொல்லிவிட்டார்: "அண்ணை, இது பண்டாரவன்னியன்ர காலத்துச் சாமான் எண்டு சொல்லுறாங்கள். நீங்கள் ஒருக்கால் எழுதித் தந்தால் காணும்."

நான் தொல்லியல் படித்தவன் இல்லை. மஸ்கட்டில் மத்ரா சந்தைக்குப் பக்கத்தில், கஞ்சர் என்கிற ஓமான் வளைகத்தியைப் பழுதுபார்க்கிற கடையொன்றில் ஒன்பது வருடம் இருந்தேன். கழன்ற பிடியை ஒட்டுவது, அறுந்த வெள்ளிக் கம்பியைத் திரும்பப் பின்னுவது, உறைக்குப் புதுத் தோல் போடுவது, இவைதான் என் வேலை. அந்தப் பழக்கத்தில் வளைந்த கத்தி எதையாவது கண்டால் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எழுதிக் கொடுப்பதில்லை என்பதுதான் என் வழமையான பதில். அன்றும் அதைத்தான் சொன்னேன். ஆனால் துணியை அவிழ்த்தபோது கத்தியை உடனே திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. நான்கு மாதம் என்னிடம் இருந்தது.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் இந்தக் கத்தியை வாங்க நிற்கிறார். வட்ஸ்அப்பில் படம் பார்த்துவிட்டுப் பெரிய தொகையொன்று சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரு தரகர். 1803இல் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் ஆட்களிடம் இருந்த கத்தி என்று யாராவது விபரம் தெரிந்தவர் எழுதித் தந்தால் காசு கைக்கு வரும். தரகரின் வாதம் எளிமையானது. கற்சிலைமடுவில் நினைவுக்கல் இருக்கிறது, அந்த இடத்தில் 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று அதில் வெட்டியிருக்கிறது. முள்ளியவளையிலிருந்து கற்சிலைமடு தூரமில்லை. கத்தி பழையது, கறள் பிடித்தது, வளைந்தது. பிறகென்ன?

அம்மாவிடம் வேறொரு கதை இருந்தது. அதை அவர் முதல் நாள் சொல்லவில்லை.

கண்ணுக்குத் தெரிந்தது

பிடியோடு சேர்த்து முழு நீளம் 29 சென்ரிமீற்றர். அலகு மட்டும் 17.5. இரண்டு பக்கமும் கூர். அலகின் நடுவே முதுகெலும்புபோல் ஒரு மேடு, இரு முகத்திலும். அடியில் இருந்து பாதிவரை கிட்டத்தட்ட நேராக வந்து, பிறகு ஒரு பக்கமாக வளைகிறது. பிடி கறுப்பு. உறை ஆங்கில எழுத்து 'எல்' போல மடங்கியது, வெள்ளி நிறத் தகடு, பச்சை வெல்வெட், ஏழு வளையம்.

இலங்கையில் பழைய வீடுகளில் அகப்படுகிற வளைந்த கத்திகள் பல சாதி. சிங்கள அரசவைப் பட்டறைகளில் செய்த பிஹா கேத்த என்றால் ஒரு பக்கம் மட்டும் கூர், முதுகு தடித்திருக்கும், அலகில் வெள்ளியோ பித்தளையோ பதித்துக் கொடிவேலை செய்திருப்பார்கள். கஸ்தானே குறுவாள், சிங்கத்தலைப் பிடி, பார்த்தவுடன் தெரியும், அதன் அலகு பலவேளை ஐரோப்பாவில் இருந்து வந்தது. மலாய்க்காரரின் கிரிஸ் நேராக அல்லது அலையலையாகப் போகும், பிடிப்பக்கம் ஒரு கரை அகன்றிருக்கும். தென்னிந்தியப் பிச்சுவா தேள் கொடுக்குமாதிரி இரண்டு முறை வளையும். இந்தக் கத்தி இவற்றில் எதுவுமில்லை. நடு மேடு, இருபக்கக் கூர், ஒரே வளைவு: இது அரபுக் கத்தி. யேமன்காரர் ஜம்பியா என்பார்கள், ஓமானில் கஞ்சர்.

ஆக, முதல் பத்து நிமிடத்திலேயே பண்டாரவன்னியன் கதை நொண்டத் தொடங்கிவிட்டது. நொண்டியதே தவிர விழவில்லை. அரபுக் கத்தியை வன்னியில் ஒருவர் 1803இல் வைத்திருக்க முடியாது என்று யாரும் சொல்லமுடியாது. கத்திகள் பயணம் போகும். எனவே வடிவத்தை வைத்துக் கதையை முடிக்காமல், கத்தியை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். அலகு, பிடி, உறை மூன்றுக்கும் ஒரே வயதுதான் என்று எந்தச் சட்டமும் இல்லை. மத்ராவில் என் மேசைக்கு வந்தவற்றில் மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை அரிது.

உறை

இதற்கு அதிக நேரம் செலவழிக்கவில்லை. இந்த மாதிரி உறைகளை நான் நூற்றுக்கணக்கில் கையில் எடுத்திருக்கிறேன். ஏழு வளையம் ஓமானின் சயீதிப் பாணி. நல்ல உறையில் அந்த வளையங்களுக்கு மேலும் கீழும் வெள்ளிக் கம்பியைக் கையால் இழுத்து, முறுக்கி, பின்னியிருப்பார்கள். ஒரு பின்னல் மற்றதைப் போல இருக்காது. இதில் பூவேலை முழுவதும் அச்சில் அடித்தது. ஒரு பூவின் இதழில் இருந்த சிறு பிசிறு அடுத்த பூவிலும், அதற்கடுத்ததிலும் அதே இடத்தில் இருந்தது. தகடு வெள்ளியே இல்லை. செம்பும் நிக்கலும் நாகமும் கலந்த, நம்மவர் ஜெர்மன் சில்வர் என்கிற சாமான்.

அலகை உறைக்குள் விட்டால் கிலுகிலுவென்று ஆடியது. ஓமான் உறையின் அந்தப் பெரிய மடக்கு அலங்காரத்துக்குத்தான், அலகு அவ்வளவு தூரம் வளைவதில்லை. இது பலருக்குத் தெரியாததால், உறையைப் பார்த்து அலகின் வடிவத்தை ஊகித்து ஏமாறுவார்கள். ஆனால் வாய்ப்பக்கமாவது அலகுக்குப் பொருந்த வேண்டும். இங்கே இரண்டு விரல் இடைவெளி.

"அம்மா, இந்த உறை ஆர் கொண்டுவந்தது?" என்று கேட்டேன். தம்பி நிலத்தைப் பார்த்தார். அம்மா சிரித்துவிட்டார். "என்ர கடைசித் தம்பி மஸ்கட்டிலை நிண்டவன். தொண்ணூற்றாறிலையோ ஏழிலையோ வந்தவன், கத்தி வெறுமனே கிடக்குது எண்டு வாங்கிக்கொண்டு வந்தான்."

நல்லது. உறை முடிந்தது. வெளிநாட்டுக்காரரின் தொகையில் பாதியாவது அந்தப் பச்சை வெல்வெட்டைப் பார்த்துச் சொன்னது என்பது என் ஊகம்.

பிடி

தரகர் இதைக் காண்டாமிருகக் கொம்பு என்று சொல்லி வைத்திருந்தார். அரபுக் கத்திகளில் காண்டாமிருகக் கொம்புப் பிடிக்குத்தான் மவுசு, அது உண்மை. அதற்காகவே ஏராளம் காண்டாமிருகங்கள் செத்தன. யேமன் 1982இல் அந்தக் கொம்பின் இறக்குமதியைத் தடைசெய்தது. தரகர் சோதித்தும் பார்த்திருக்கிறார். ஊசியைச் சூடாக்கிப் பிடியில் குத்தி, மயிர் கருகிய மணம் வந்ததும் "பாத்தியளோ" என்றிருக்கிறார்.

இந்தச் சூட்டு ஊசிப் பரீட்சையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, எத்தனையோ நல்ல பிடிகளில் ஓட்டை போட்டிருக்கிறது. காண்டாமிருகக் கொம்பும் எருமைக் கொம்பும் மாட்டுக் குளம்பும் நம் நகமும் ஒரே கெரற்றின்தான். எதைச் சுட்டாலும் அதே மணம் வரும். பிளாஸ்டிக்கா இல்லையா என்று மட்டும் அது சொல்லும், அதையும் ஓட்டை போடாமலே அறியலாம்.

பார்க்க வேண்டியது பிடியின் குறுக்குவெட்டு முகம். நகைக்கடைக்காரர் கண்ணில் மாட்டுகிற பத்து மடங்குக் கண்ணாடி போதும். காண்டாமிருகக் கொம்புக்குள் எலும்பு கிடையாது. மயிர் போன்ற இழைகள் கட்டுக்கட்டாக ஒட்டிக்கிடக்கும். ஈர்க்கு விளக்குமாற்றைக் குறுக்கே அறுத்தால் எப்படிப் புள்ளிபுள்ளியாகத் தெரியுமோ அப்படி. எருமைக் கொம்பு வெங்காயம்போல் படைபடையாக வரும். இந்தப் பிடியின் அடிமுகத்தில் படைகள்தான் தெரிந்தன. இரண்டு துண்டுகளாக வெட்டி, நடுவில் அலகின் வாலை வைத்து, மூன்று பித்தளை ஆணி அடித்திருந்தது. கஞ்சர் பிடி இப்படிச் செய்வதில்லை. கொடுவாக்கத்திக்குப் பிடி போடுகிற முறை இது. வன்னி ஆசாரி ஒருவரின் கை.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் பிடிக்கும் அலகுக்கும் இடையில் நகக்கண் அளவு இடைவெளி இருந்தது, அதற்குள் ஏதோ பசை. கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா லைட் ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கிறதே, அதை இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அடித்துப் பார்த்தேன். வெளிப்பக்கப் பசை நீலவெள்ளையாகப் பளிச்சிட்டது. அது எபொக்சி, அரல்டைற் வகை. 1946க்கு முன் கடையில் இல்லாத பொருள். உள்ளே, வாலின் கீறல்களில் ஒட்டியிருந்த சிறுசிறு துணிக்கைகள் செம்மஞ்சளாக ஒளிர்ந்தன. அந்த நிறம் அரக்கின் நிறம்.

அரபுக் கத்திகளில் அலகின் வாலைப் பிடிக்குள் இறக்கி அரக்கோ குங்கிலியமோ உருக்கி ஊற்றி இறுக்குவார்கள். ஆக இந்த அலகு ஒருகாலத்தில் வேறொரு பிடிக்குள் அரக்கில் இருந்தது. பிறகு யாரோ அதைக் கழற்றி, எருமைக் கொம்பு போட்டு, எபொக்சி பூசியிருக்கிறார்கள். அந்த முதற்பிடி எங்கே?

அலகும் கறளும்

எல்லோரையும் ஏமாற்றியது இந்தக் கறள்தான், ஒரு கிழமை என்னையும் சேர்த்து. ஒரு பக்கம் முழுக்கத் தடித்த கறள், சில இடங்களில் ஒன்றரை மில்லிமீற்றர் ஆழக் குழிகள். போலியாகக் கறள் ஏற்றிய கத்தி எனக்குத் தெரியும். அமிலத்தில் தோய்த்து வெயிலில் வைப்பார்கள். செங்கல் நிறத்தில் ஒரே சீராக மேலே படிந்திருக்கும், விரலால் தேய்த்தால் விரலில் வரும். வருடக்கணக்கில் பிடித்த கறள் கடும் மண்ணிறமாக, சில இடத்தில் கறுப்பாக, கல்லுப்போல இறுகியிருக்கும். குழிகளும் ஒன்று ஆழம் ஒன்று மேலோட்டம் என்று வரும். இது இரண்டாவது வகை. பார்த்த எவரும் இருநூறு வருடம் என்று சொல்லக்கூடிய கறள்.

மற்றப் பக்கத்தைத் தரகரின் ஆள் ஒருவர் கம்பித் தூரிகையால் தேய்த்து, கழிவறை கழுவும் அமிலம் ஊற்றிப் 'பளிச்'செனக் காட்ட முயன்றிருந்தார். அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் அம்மணமாகக் கிடந்தது. மழை நாளில் பார்த்தால் அதில் சின்னச் சின்ன மஞ்சள் நீர்த்துளி அரும்பும். இரும்பு அழுகிறது என்று சொல்வார்கள். உள்ளே குளோரைட் உப்பு ஏறியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அமிலத்தில் இருந்து வந்தது என்று நினைத்தேன். ஆனால் அமிலம் படாத தடித்த கறள் பக்கத்திலும் அதே துளிகள். அந்த உப்பு எங்கிருந்து வந்தது?

ஒரு சாயங்காலம் மேசை விளக்கைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் ஊரும்படி வைத்துப் பார்த்தேன். கறளின் மேல் ஒரு கோலம். சின்னச் சின்னச் சதுரங்கள், ஒன்றன் மேல் ஒன்று மாறி மாறி ஏறி இறங்கின, பாய் பின்னியதுபோல. துணியில் சுற்றிப் புதைத்த இரும்பில் துணியின் நெசவு கறளில் பதிவது தெரிந்த விஷயம்தான். ஆனால் துணி நூல் உருண்டை. இது தட்டை. இரண்டரை மில்லிமீற்றர் அகலத் தட்டைப் பட்டி குறுக்கும் நெடுக்குமாக. இதைப் பார்க்காத கமக்காரர் வன்னியில் இல்லை. உரப்பை.

அடுத்த நாள் முள்ளியவளைக்குப் போனேன். "அம்மா, இதை எங்கையாவது தாட்டு வைச்சிருந்தனீங்களோ?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார். 2008 கடைசியில் இடம்பெயரும்போது வளவில் கிடங்கு வெட்டித் தையல் மெஷின் தலை, குத்துவிளக்கு, கத்தி மூன்றையும் புதைத்துவிட்டுப் போனார்கள். கத்தியோடு எந்த முகாமுக்குப் போவது? 2011இல் திரும்பி வந்தபோது வீடில்லை, வேப்பமரம் மட்டும் நின்றது. மரத்தில் இருந்து எட்டுக் கவடு அளந்து, அலவாங்கால் குத்திக் குத்திக் கண்டுபிடித்தார்கள். மெஷின் உதவாமல் போய்விட்டது. விளக்கு பச்சை பூத்துக் கிடந்தது, புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை, இப்போதும் சாமியறையில் இருக்கிறது.

"என்ன பையிலை சுத்தினனீங்கள்?"

தம்பி உள்ளே போய் எடுத்துவந்தார். எறியவில்லை, கோழிக்கூட்டுக்கு மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். யூரியாப் பை என்றால் வேறு கதை. இது எம்ஓபி. பொட்டாசியம் குளோரைட். நெல்லுக்குப் போடுகிற அந்த உரத்தின் மிச்சத்தூள் பை இழைகளுக்குள் இருந்திருக்கிறது. மண்ணின் ஈரம் பட்டதும் அது உப்புநீர். மூன்று மாரி அந்த உப்புநீருக்குள் கிடந்த கத்தி.

கறள் வருடத்தைக் கணக்கிடுகிற மணிக்கூடு இல்லை. உப்பும் ஈரமும் காற்றும் கொடுக்கிற அளவுக்கு அது ஓடும். வரண்ட பரணில் எண்ணெய் பூசிக்கிடந்தால் இருநூறு வருடத்திலும் மெல்லிய மண்ணிறப் படைதான். எம்ஓபி பையில் மூன்று வருடம் கிடந்தால் இப்படி. கறளில் பதிந்திருப்பது பிளாஸ்டிக் பையின் நெசவு என்பதால், மேலே தெரிகிற அந்தக் கறள் 2008க்கு முற்பட்டதே அல்ல. வன்னியில் இதைச் சொல்லியே ஆகவேண்டும். இங்கே அந்த வருடங்களில் மண்ணுக்குள் போகாத உலோகப் பொருள் எத்தனை வீட்டில் இருக்கிறது? வெண்கலம், பித்தளை, இரும்பு என்று கிண்டி எடுத்த எல்லாம் இருநூறு வயதுக் கிழங்கள்போலத்தான் வெளியே வந்தன. அவற்றை இப்போது 'புராதனம்' என்று விலைபேசுகிறார்கள்.

கறளைக் கழித்துவிட்டால் அலகு புதிதா? அப்படியும் இல்லை. இங்கேதான் அந்தப் பாழாய்ப்போன கறளே உதவிக்கு வந்தது.

கத்தியை ஒரு கம்மாலைக்குக் கொண்டுபோனேன். லொறி வில்லுத்தகட்டில் கத்தி அடித்தே அறுபது வயதைத் தாண்டிய மனிதர் அவர். கையில் வாங்கி, ஒரு முறை திருப்பி, "இது வில்லுத்தகடு இல்லை" என்றார். "வில்லுத்தகட்டிலை கறள் அம்மைத்தழும்பு மாதிரிக் குழி குழியா விழும். இது நார் பிரிஞ்சிருக்குது, பாருங்கோ." அவர் சொன்னது சரி. தேய்த்த பக்கத்தில் கறள் தின்ற கோடுகள் அலகின் நீளவாக்கில், வைரம் பாய்ந்த பனையைக் கீறினால் கறுப்பு நார் தெரியுமே, அப்படி ஓடின. பழைய முறையில் உருக்கி அடித்த இரும்பில் கசடு முழுதும் போகாது. அடிக்க அடிக்க அது நூலாக நீளும், கறள் அந்த நூல்வழியே புகும். 1856இல் பெஸ்ஸெமர் முறை வந்தபிறகு உருக்கு உருகிய திரவமாகவே வார்க்கப்பட்டதால் கசடு நூல் கிடையாது. மனிதர் கடைசல் கல்லில் ஒரு ஓரத்தைப் பிடித்துப் பொறி பார்ப்போமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று கத்தியை வாங்கிக்கொண்டேன்.

நார் இருப்பதால் 1856க்கு முந்தியது என்று எழுதிவிட முடியாது. பழைய இரும்பை அடிக்கிற பட்டறைகள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டு ஓடின. அரபுக் கரையில் கொல்லன் எந்தத் துண்டு கிடைக்கிறதோ அதை அடிப்பான். நான் சொல்லக்கூடியது இது கையால் அடித்த அலகு, இயந்திரத் தகட்டில் வெட்டி அச்சில் மேடு அழுத்திய பிற்கால அலகு இல்லை என்பதுதான். நடு மேடு அடியில் கூர்மையாகவும், நுனியை நோக்கி மழுங்கியும் இருந்தது. இரண்டு கூரும் ஒரே அளவு தேயவில்லை. வளைவின் உட்பக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. பல வருடம் ஒரே கை, ஒரே பழக்கத்தில் தீட்டினால்தான் அப்படித் தேயும். போலி செய்கிறவன் கறள் ஏற்றுவான், இந்தச் சோம்பேறித்தனமான தேய்வைச் செய்ய அவனுக்குப் பொறுமை இருக்காது.

தம்பி ஒருநாள் போனில் "கார்பன் டெஸ்ட் செய்யலாமோ அண்ணை?" என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர் காசு தரத் தயாராம். அந்தச் சோதனை உயிருள்ளதில் இருந்து வந்த கார்பனைத்தான் கணக்கிடும். கொம்புக்குச் செய்யலாம், ஆனால் கொம்பு பிந்தியது என்று ஏற்கெனவே தெரியும். இரும்புக்குள் இருக்கிற கார்பனிலும் செய்ய வழியுண்டு, அதற்கு அலகில் துண்டு வெட்ட வேண்டும், அது கரிபோட்டு உருக்கிய இரும்பாகவும் இருக்கவேண்டும். அதைவிட முக்கியம், 1650க்கும் 1950க்கும் இடைப்பட்ட காலத்துக்கு அந்த முறை தெளிவாக ஒன்றும் சொல்லாது. வளிமண்டலக் கார்பன் அந்தக் காலத்தில் ஏறி இறங்கியதால் ஒரே அளவீட்டுக்கு மூன்று நான்கு காலங்கள் பொருந்தும். 1803ஆ 1903ஆ என்பதே நம் கேள்வி. காசும் போய்க் கத்தியும் போயிருக்கும்.

அம்மாவின் கதை

மூன்றாவது முறை போனபோதுதான் அம்மா சொன்னார். பண்டாரவன்னியன் கதையை வீட்டில் யாரும் சொன்னதில்லை, அது தரகர் வந்தபிறகு முளைத்தது. அவருடைய அப்பப்பா முசலிப் பக்கத்தவர். மன்னார்க் கரையில் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தபோது வாடிகளுக்குத் தண்ணீர் வண்டி ஓட்டியவர். அங்கே ஒரு அரபிக்காரர் காய்ச்சலில் கிடந்தபோது நாட்கணக்கில் தண்ணீர் கொடுத்தாராம். போகும்போது அந்த மனிதர் இடுப்பில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

1903 முதல் 1907 வரை அந்தக் கரையில் ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. கிடுகு வாடிகளில் திடீரென்று ஒரு பட்டணம் எழும்பும். பாரசீக வளைகுடாவில் இருந்து அரபுச் சுழியோடிகள் வருவார்கள், கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மீதி அரசாங்கம் ஏலம் போடும். அம்மா 1945இல் பிறந்தவர். அப்பப்பா அந்தக் காலத்தில் இருபது வயது இளைஞர் என்றால் கணக்கு இடிக்கவில்லை.

காய்ச்சல், தண்ணீர், பரிசு எல்லாம் கொஞ்சம் அழகாகவே இருக்கிறது. ஒருவேளை விலைக்கு வாங்கியிருப்பார், ஒருவேளை சீட்டாட்டத்தில் கிடைத்திருக்கும். ஆனால் அரபு அலகு, அரக்குத் தடம், கையடி இரும்பு மூன்றும் இந்தக் கதையோடு சண்டை பிடிக்கவில்லை.

"பிடியிலை வெள்ளி இருந்ததோ அம்மா?"

இருந்தது. பிடியிலும் பழைய உறையிலும். அம்மா குழந்தையாக இருந்தபோது தகப்பன் அதைக் கழற்றி, முல்லைத்தீவில் ஒரு பத்தரிடம் உருக்கிக் காலுக்குத் தண்டை செய்வித்தாராம். கத்தி கனகாலம் மொட்டை வாலோடு கிடந்தது. எழுபதுகளில்தான் எருமைக் கொம்புப் பிடி போட்டது. அம்மா உள்ளே போய் ஒற்றைத் தண்டை ஒன்றைக் கொண்டுவந்தார். மற்றது 2009இல் தொலைந்துபோனது. எங்கே என்று நான் கேட்கவில்லை.

அரபுக் கரையின் பழைய வெள்ளிவேலைக்குப் பெரும்பாலும் மரியா தெரேசா நாணயத்தைத்தான் உருக்குவார்கள். 28 கிராமுக்குச் சற்று மேலான நாணயம், அதில் வெள்ளி 83.3 வீதம். எந்த வருடம் அடித்தாலும் 1780 என்றே திகதி பொறித்தார்கள். கத்தியில் அந்த நாணயம் பதித்திருப்பதைக் கண்டு '1780 கத்தி' என்று விற்றவர்களை மத்ராவில் பார்த்திருக்கிறேன். வவுனியாவில் நகைக்கடை ஒன்றில் பொன்மாற்றுப் பார்க்கிற எக்ஸ்ரே இயந்திரம் இருக்கிறது. தண்டையை வைத்துப் பார்த்தோம். 81.6. மனம் அதை 83.3 என்று வாசிக்கத்தான் பார்த்தது. ஆனால் பத்தர் உருக்கும்போது செம்பு சேர்ந்திருக்கலாம், வேறு வெள்ளி கலந்திருக்கலாம், அந்த நாணயத்தோடு சம்பந்தமே இல்லாத வெள்ளியாகவும் இருக்கலாம். குறிப்பில் 'முரண்படவில்லை' என்று மட்டும் போட்டேன்.

என் குறிப்பும் அதன் பலனும்

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம். அலகு அரபு வகை, கையால் அடித்தது, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம், முதற்பிடி இல்லை, இப்போதுள்ள பிடி எருமைக் கொம்பு, உள்ளூர் வேலை, எழுபதுகள் என்று குடும்பம் சொல்கிறது, பசையும் அதற்கு ஒத்துவருகிறது, உறை 1990களில் வாங்கிய சந்தைச் சரக்கு, மேற்கறள் 2008க்கும் 2011க்கும் இடையில் உண்டானது. பண்டாரவன்னியனோடு தொடர்புபடுத்த எந்தச் சான்றும் இல்லை.

தரகர் வந்தார். கோபம் இல்லை, கெஞ்சல்தான். "'1800 காலப்பகுதி' எண்டு ஒரு வரி போட்டால் உங்களுக்கென்ன ஐயா?" அவருக்கு நான் சொன்னது சட்டக் கணக்கு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. அதற்கு முந்திய பொருள் தொல்பொருள், தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. நான் 1803 என்று எழுதினால் உங்கள் ஆள் இதைக் கொண்டுபோக முடியாது. எழுதாவிட்டால் அந்த விலை தரமாட்டார். தரகர் கொஞ்சம் யோசித்தார், தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், போய்விட்டார். வெளிநாட்டுக்காரரிடமிருந்து பிறகு அழைப்பு வரவில்லை.

கத்தியைக் காப்பாற்றுகிற வேலை மிச்சமிருந்தது. உப்பை எடுக்காவிட்டால் பத்து வருடத்தில் அலகு உதிர்ந்துவிடும். காரத்தில் ஊறவைப்பது வழமை, ஆனால் காரம் கொம்பைக் கரைத்துவிடும். பிடி மேலே நிற்க அலகை மட்டும் தலைகீழாகத் தொங்கவிட்டு, பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த நீரில் சலவைச் சோடா கலந்து ஊறவைத்தேன். கிழமைக்கொரு தண்ணீர், பதினொரு கிழமை. எடுத்த தண்ணீரில் சில்வர் நைத்திரேற் ஒரு துளி விட்டால் பால்போல் வெளுக்கும், குளோரைட் இருக்கிறது என்று அர்த்தம் (சோடாவும் வெளுக்கவைக்கும் என்பதால் முதலில் நைத்திரிக்கமிலம் ஒரு துளி விட்டு அதை முறிக்கவேண்டும்). முதற்கிழமை தயிர். பத்தாவது கிழமை மெல்லிய பனி. பிறகு உலர்த்தி, மெழுகு பூசினேன். நெசவு பதிந்த கறளை உரிக்கவில்லை. வீட்டில் தேங்காய் எண்ணெய் பூசவேண்டாம் என்றும் சொல்லியனுப்பினேன், அது நாளடைவில் புளித்துப் பிசினாகி ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது காசு போனதைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப அரபிக்காரன்ர கதை பொய்யோ?" என்றுதான் கேட்டார்.

"பொய் எண்டு சொல்லுறதுக்குக் கத்தியிலை ஒண்டும் இல்லை அம்மா."

"உண்மை எண்டு சொல்லவும் இல்லை, என்ன?"

"இல்லை."

தலையாட்டிவிட்டு, காற்றுப்புகாத சாப்பாட்டுப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களோடு கத்தியை வைத்து மூடினார். பச்சை வெல்வெட் உறை பேரப்பிள்ளையின் கையில் இருந்தது. அவன் அதற்குள் பென்சில் போட்டுக் கிலுக்கிக்கொண்டிருந்தான்.

2024 பங்குனியில் ஒருமுறை திறந்து பார்த்தோம். பிடியடியில், தண்ணீர் எட்டாத அந்த ஒரு விரலகலத்தில், மஞ்சளாக இரண்டு துளி அரும்பியிருந்தது. பித்தளை ஆணி மூன்றையும் கழற்றிப் பிடியைப் பிரித்தால்தான் அங்கே கை வைக்கலாம். எபொக்சியும் தன் பிடியை விடவேண்டும். சித்திரை முடியக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.